மாட்டுத் தீவனத்துக்குப் பாய்ச்சும் தண்ணீரின் விலை

மாடு வைத்திருப்பவர் எவருக்கும் மாசி மாதம் பிறந்தவுடன் மனத்தில் எழுகிற கேள்வி ஒன்றுண்டு. தையில் அறுத்துப் போர் போட்ட சோளத்தட்டு அடுத்த மழை வரையில் தாங்குமா, தாங்காதென்றால் கிணற்றில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கொண்டு ஓர் ஏக்கரிலாவது தீவனம் விதைத்து அறுத்துக்கொள்ளலாமா, அல்லது தண்ணீரை அப்படியே விட்டுவைத்து வெளியிலிருந்து தீனி வாங்கிவிடுவதே விவேகமா என்பதுதான் அது. நெல்லுக்கும் மஞ்சளுக்கும் வாழைக்கும் தண்ணீர்க் கணக்குப் பார்த்துப் பழகியிருக்கிற நாம், மாடு தின்னும் தட்டுக்கும் புல்லுக்கும் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. தீவனம் வீட்டிலேயே விளைந்து வீட்டிலேயே தீர்ந்துபோகிற வஸ்துவாகையால், அதற்கு ஒரு விலையுண்டு என்பதும், அந்த விலையில் பெரும்பங்கு தண்ணீருடையது என்பதும் நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகின்றன. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று வெகு நாட்களாக எண்ணியிருந்தேன்.

எங்கள் பூமி காங்கயத்துக்கும் வெள்ளகோயிலுக்கும் இடைப்பட்ட மேட்டுப் பிரதேசத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைக் கூட்டினால் 600 முதல் 700 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து போகிறது. தென்மேற்குப் பருவக்காற்றோ, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் தன் ஐசுவரியத்தையெல்லாம் கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறுங்காற்றாகவே பெரும்பாலும் நம்மிடம் வந்துசேர்கிறது. தாராபுரம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, வைகாசி முதல் ஆவணி வரையில் நிலத்தின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்காலின் பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஈராண்டுக்கு ஒருமுறையே தண்ணீர் முறை வருகிறபடியால், வாய்க்கால் பாயும் பூமி உள்ளவர்கள்கூட அதை நம்பி ஆண்டு முழுவதும் மாடு வளர்த்துவிட முடியாது. ஆகவே இங்கே தீவனப் பாசனம் என்றால் அது கிணற்றுத் தண்ணீர், அல்லது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான்.

இதைப் பற்றி என் மாமாவோடு பேசும்போதெல்லாம் அவர் ஒரே வாதத்தைத்தான் முன்வைப்பார். "கரண்டுக்குக் காசு கேக்கறதில்லீங்க மாப்பிள்ளை, கெணத்துல தண்ணி உங்குளுது, ரெண்டு ஏக்கராவுல மசாலையும் நேப்பியரையும் போட்டு வுட்டா, மாசியில தட்டுக்கு அலையற பாடு எதுக்குங்க?" என்பார். மாமா விவரம் தெரியாதவரல்லர். கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த தலைமுறையைக் கண்ணால் பார்த்தவர். குதிரைமசாலும் கம்பு நேப்பியரும் போட்டுப் பத்துப் பன்னிரண்டு கறவை மாடுகளை வைத்துக் குடும்பத்தை நிமிர்த்தியவர். அவருடைய வாதத்தில் நியாயமும் இருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட கோ 4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை ஒருமுறை கரணை நட்டுவிட்டால், எருவும் தண்ணீரும் குறைவில்லாமல் கொடுக்கிற வரையில் ஒன்றரை மாதத்துக்கொருமுறை அறுத்துக்கொண்டே இருக்கலாம்; விளைச்சலில் அதற்கு இணை சொல்ல வேறு தீவனம் இல்லை. ஆனால் "தண்ணீர் குறைவில்லாமல்" என்ற அந்த நிபந்தனையில்தான் கணக்கு முழுவதும் ஒளிந்துகொண்டிருக்கிறது.

முதலில் தண்ணீரின் அளவைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நிலத்தின்மீது ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் அது ஏறக்குறைய 1,03,000 லிட்டர். எங்கள் செம்மண் ஒன்றரை அடிதான் ஆழம். அதற்குக் கீழே சுண்ணாம்புச் சல்லி. இவ்வளவு மண் பயிருக்கென்று பிடித்துவைத்துக்கொள்ளக்கூடிய ஈரம் இரண்டு அங்குலத்துக்கு மேல் இராது. அதற்கு மேல் பாய்ச்சுவது வேருக்குக் கீழே இறங்கிப் போய்விடும். ஆகவே ஒரு தண்ணீர் என்றால் இரண்டு அங்குலம், அதாவது 2,00,000 லிட்டருக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்கிறேன். மணிக்கு 5,000 லிட்டர் தருகிற ஆழ்துளைக் கிணற்றைக் கொண்டு அந்த ஒரு தண்ணீரைக் கட்டி முடிக்க 40 மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினால், கடைசிப் பாத்தி நனைவதற்குள் முதல் பாத்தி காயத் தொடங்கிவிடுகிறது. சித்திரை, வைகாசியில் வளர்ந்து நிற்கிற பயிர் நாளொன்றுக்கு 6, 7 மில்லிமீட்டர் ஈரத்தைக் குடித்துவிடும் என்பதால், இந்த இரண்டு அங்குலம் ஒரு வாரத்துக்குமேல் அதிகம் தாங்காது.

இனி அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவருகிற செலவு. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயர்த்துவதற்கு, நஷ்டமே இல்லாத ஓர் இயந்திரம் இருக்குமானால், கால் யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட மின்சாரம் போதும். நம் மோட்டாரும் பம்பும் குழாயும் சேர்ந்து அந்தச் சக்தியில் பத்தில் நான்கு பங்கைத்தான் உபயோகப்படுத்துகின்றன என்று கொண்டால், 80 அடித் திறந்த கிணற்றிலிருந்து ஒரு தண்ணீர் இறைக்க 34 யூனிட் செலவாகும். அதே தண்ணீர் 800 அடி ஆழத்திலிருந்து வருமானால் 340 யூனிட். பூமிக்குமேல் வந்த பின் இரண்டும் ஒரே தண்ணீர்தான். பயிர் இரண்டையும் ஒரே மாதிரியாகத்தான் குடிக்கிறது. ஆனால் ஒன்றின் பின்னால் இருக்கிற சக்தி மற்றொன்றைப்போல் பத்து மடங்கு. யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று மதிப்புப் போட்டால், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஓர் ஏக்கருக்கு ஒரு தண்ணீர் கட்டுவதற்கு மின்சாரம் மட்டுமே இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. அந்த ரூபாயை நாம் கொடுப்பதில்லை. சர்க்கார் மின்வாரியத்துக்குக் கொடுக்கிறது.

இலவச மின்சாரத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை என்பதை அழுத்தமாகக் குறிப்பிட விரும்புகிறேன். இந்தச் சலுகை எங்கள் பிரதேசத்து விவசாயிகளுக்கு எவரும் தானமாகத் தூக்கிக் கொடுத்ததன்று. வையம்பாளையம் சி. நாராயணசாமி நாயுடு அவர்களின் தலைமையில் கோவை ஜில்லா முழுவதும் திரண்டெழுந்து மின்கட்டணத்தை எதிர்த்துப் போராடியது. 1970ஆம் ஆண்டு பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1972ஆம் ஆண்டு மாட்டுவண்டிகள் கோவை நகரத்துச் சாலைகளை நிறைத்து நின்றன. விவசாயிகள் அனைவருக்கும் கட்டணமில்லா மின்சாரம் என்ற நிலை 1990ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. விளைபொருளுக்கு நியாயமான விலை கிடைக்காத தேசத்தில் அந்தச் சலுகை ஓரளவு ஈடு என்பதே என் அபிப்பிராயம். ஆனால் கட்டணம் இல்லை என்பதனால் செலவும் இல்லை என்று நம் மனம் தானாகவே தீர்மானித்துக்கொள்கிறதே, அந்தத் தீர்மானம் தான் நம்மை ஏமாற்றுகிறது. மின்சாரத்துக்குக் காசில்லை, ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்கும், அதற்குள் இறக்கும் குழாய்க்கும் கேபிளுக்கும், நீர்மூழ்கி மோட்டாருக்கும், அந்த மோட்டார் காயில் எரிந்துபோகும் ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கி மாட்டும் கூலிக்கும் காசுண்டு. சில லட்சங்கள் போட்டு இறக்கிய கிணறு பத்தாண்டு உழைக்குமானால், ஆண்டுக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் அதன்மேல் எழுதியாக வேண்டும். நம் பகுதியில் பூமிக்கடியில் இருப்பது கெட்டிப்பாறை. நீர் நிற்பது மேல்மட்டத்தில் சிதைந்த பாறையிலும், அதற்குக் கீழே எங்கோ ஓடும் வெடிப்புகளிலுந்தான். ஆகையால் ஆயிரம் அடி போனால் ஆயிரம் அடிக்குரிய தண்ணீர் கிடைக்கும் என்ற நியதியும் கிடையாது. புகைந்த கிணறுகள் ஊருக்குப் பல இருக்கின்றன.

இவ்வளவு செலவில் மேலே வந்த தண்ணீர் எவ்வளவு தீனியாக மாறுகிறது என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நிலை. அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்து ஆக்ரன் என்னும் ஊரில் பிரிக்ஸ், ஷாண்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 1910களில் ஒரு மகத்தான பரிசோதனை செய்தார்கள். பயிர்களைத் தொட்டிகளில் வளர்த்து, மண்ணிலிருந்து ஈரம் வீணாக ஆவியாகாமல் மூடிவைத்து, ஒவ்வொரு பயிரும் தன் உடம்பில் ஒரு பங்கு உலர்பொருளைச் சேர்ப்பதற்கு எத்தனை பங்கு தண்ணீரை இலை வழியாக வெளியிடுகிறது என்று நிறுத்துப் பார்த்தார்கள். சோளத்துக்கு 300 பங்கு அளவில் போதுமாயிருந்தது. குதிரைமசாலுக்கோ 800 பங்குக்கு மேல் வேண்டியிருந்தது. நூறாண்டு கழிந்தும் இந்த வரிசை மாறவில்லை. மசாலில் புரதம் அதிகம், அதைத் தின்ற மாட்டின் பாலும் நன்றாயிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு கிலோ மசாலுக்குச் செலவாகும் தண்ணீரில் இரண்டரைக் கிலோ சோளத்தட்டு விளையும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அதை விதைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், பயிரைவிட முக்கியமானது, காலம். இலை தன் துவாரங்களைத் திறந்தால்தான் காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளே வாங்க முடியும். திறந்த மாத்திரத்தில் உள்ளேயிருக்கும் ஈரம் வெளியே போய்விடும். வெளிக்காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு அதிகமாக ஈரம் போகும். ஆனால் உள்ளே வருகிற வாயு அதனால் அதிகப்படுவதில்லை. இதன் அர்த்தம் என்னவென்றால், கார்த்திகை மாதத்து ஈரக்காற்றில் ஒரு கிலோ தட்டு விளைவிக்கிற தண்ணீர் சித்திரை மாதத்து அனல் காற்றில் அரைக் கிலோவைச் சற்றே தாண்டத்தான் போதுமானதாயிருக்கும். வாய்க்காலில் போகிற சேதம், பாத்தியில் ஆவியாகிற நஷ்டம் எல்லாவற்றையும் சேர்த்து, கார்த்திகையில் கிலோவுக்கு 500 லிட்டர் என்றும், சித்திரையில் 900 லிட்டர் என்றும் நான் உத்தேசமாக வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஓர் ஏக்கருக்குக் கட்டும் ஒரு தண்ணீர் கார்த்திகையில் 400 கிலோவுக்குமேல் உலர்தீவனம் தருகிறது. சித்திரையில் 230 கிலோகூடத் தேறுவதில்லை. தட்டின் விலை கிலோ எட்டு ரூபாய் என்று கொண்டால் முன்னது 3,200 ரூபாய்க்குமேல், பின்னது 1,800 ரூபாய்ச் சொச்சம். அந்தத் தண்ணீரை 800 அடியிலிருந்து ஏற்றிய மின்சாரத்தின் பெறுமதியே 2,000 ரூபாயைத் தாண்டுகிறதென்று மேலே பார்த்தோம். உழவு, விதை, எரு, அறுப்புக்கூலி, கிணற்றுக் கணக்கு எதையும் சேர்க்காமலே, நாம் கோடையில் விளைவிக்கிற தீவனம் அதை விளைவித்த மின்சாரத்தைவிட மலிவான சரக்காக முடிகிறது!

இந்தக் கணக்கைக் காட்டியபோது மாமா, "அப்ப மாட்டுக்குக் கோடையில என்னத்தைப் போடறதுங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கோடைக்கு வேண்டிய தீனியைக் கோடையில் விளைவிக்காமல், மழைக்காலத்தில் விளைவித்துக் காயவைத்துச் சேமிப்பது என்பதே நம் முன்னோர்கள் கண்ட மார்க்கம். போர் என்ற ஏற்பாடே அதற்காகத்தான் உண்டாயிற்று. புரட்டாசியில் விதைத்த சோளம் ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்து, தையில் தட்டாகிறது. இங்கே கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு பிரதானமான வேலை உண்டு. அதை நாம் சரியாக உணரவில்லை என்றே நினைக்கிறேன். மழையில் விதைத்த சோளம் முக்கால் பாகம் வளர்ந்து கதிர் பொதியிலிருக்கும் சமயத்தில், மேகம் திடீரென்று விலகிப் பதினைந்து இருபது நாள் மழையில்லாமல் போவது இங்கே சகஜம். அந்தச் சமயத்தில் ஒரே ஒரு தண்ணீர் கட்ட முடியுமானால், ஏக்கருக்கு முக்கால் டன் அளவுக்குத் தட்டு அதிகமாகக் கிடைப்பதை எங்கள் பூமியில் கண்டிருக்கிறேன். காரணம் கூடார்த்தமானதன்று. அந்த ஒரு தண்ணீர் தனக்குரிய தீவனத்தை மட்டும் விளைவிப்பதில்லை. அதற்குமுன் பெய்து, பயிரை அந்த நிலைக்கு வளர்த்து, பலனாக மாறாமல் நடுவழியில் நின்றுபோன மழையையெல்லாம் சேர்த்துப் பலனாக்கிவிடுகிறது. கோடையில் பத்துத் தண்ணீர் கட்டி வளர்க்கிற ஓர் ஏக்கர் நேப்பியருக்கு எதிரே, மழைக்காலத்தில் பத்து ஏக்கர் சோளத்துக்கு ஒவ்வொரு தண்ணீர் என்று பங்கிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் செலவாகும் தண்ணீர் ஒன்றே, ஆனால் போரின் உயரம் ஒன்றாயிராது.

மற்றொரு பிரயோஜனமும் இதில் அடங்கியிருக்கிறது. இளஞ்சோளம் வறட்சியில் வாடி நிற்கும்போது அதன் இலையில் நஞ்சு ஏறிவிடுகிறது என்பதும், அதைப் பச்சையாகத் தின்ற மாடு சில நிமிஷங்களிலேயே விழுந்து உயிர்விடக்கூடும் என்பதும் ஆடுமாடு வளர்ப்போர் அறிந்தவை. பூத்த பிறகு அறுத்து, நன்றாகக் காயவைத்த தட்டில் அந்த அபாயம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. ஆனால் காயவைப்பதும் ஒரு வித்தைதான். அறுப்புக்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். மார்கழிப் பனியில் கிடந்து நனைந்தால் தட்டு கறுத்துவிடும். ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குமேல் இருக்கையில் போர் போட்டுவிட்டால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடித்துவிடும். அறுத்த கட்டுகளைக் காட்டிலேயே நிறுத்திவைத்து, தைப் பனி விலகிய வெயிலில் திருப்பிப் போட்டு, கணு முறித்தால் சொடுக்கென்று முறிகிற பதம் வந்தபின் போர் வேய்கிறவர்களுடைய தட்டு அடுத்த ஐப்பசியிலும் வாசனையோடு இருக்கிறது. பாசனத்துக்காக இத்தனை செலவழிக்கிறவர்கள் இந்தக் கடைசிப் பத்து நாள் கவனத்தைச் செலவழிக்காமல் விட்டுவிடுவதைப் பார்க்க எனக்கு மிகுந்த மனவருத்தமாயிருக்கிறது.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இன்னொரு செலவு இருக்கிறது. அது உடனே தெரிவதில்லை. லிட்டருக்கு ஒரு கிராம் உப்புக் கரைந்திருக்கிற தண்ணீரென்றால் (இப்பக்கத்தில் அது அபூர்வமன்று), ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்சும்போது 103 கிலோ உப்பு நிலத்தில் சேர்கிறது. கோடையில் 20 அங்குலம் பாய்ச்சினால் இரண்டு டன். தண்ணீரைப் பயிர் குடித்துவிடும், வெயில் குடித்துவிடும். உப்பை இருவரும் குடிப்பதில்லை. அதைக் கழுவிக் கீழே தள்ள ஐப்பசி மழைதான் வரவேண்டும். மழை பொய்த்த வருஷத்தில் அது அங்கேயே தங்கி, மண்ணின் மேல் வெள்ளை பூக்கிறது.

தீவனத்தை விற்கிறவர்கள் விஷயமும் யோசிக்கத்தக்கது. ஒரு டன் உலர்ந்த தீவனத்தோடு நிலத்திலிருந்து சுமார் 15 கிலோ தழைச்சத்தும் 20 கிலோ சாம்பல்சத்தும் வெளியேறுகின்றன. நம் மாடே தின்றால் அவற்றில் பெரும்பகுதி சாணமாகவும் கோமியமாகவும் திரும்பிவரும். லாரியில் ஏற்றி அனுப்பினால் திரும்பி வராது, தண்ணீரும் சேர்ந்தே போகிறது. இந்த உண்மையை ஒரு தேசமே உணர்ந்த கதை உண்டு. சவூதி அரேபியாவில் பாலைவனத்துக்கடியில் இருந்த பண்டைய நீரை இறைத்துப் பசுந்தீவனம் விளைவித்தார்கள். அது வற்றிக்கொண்டே போவதைக் கண்ட அந்த அரசாங்கம் பசுந்தீவனப் பயிரை மூன்றாண்டுக்குள் நிறுத்திவிட 2015ஆம் ஆண்டின் இறுதியில் தீர்மானித்தது. அதற்கு முந்திய வருஷமே அந்நாட்டுப் பால் நிறுவனம் ஒன்று அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தில் நிலம் வாங்கி, அங்குள்ள நிலத்தடி நீரைக் கொண்டு குதிரைமசால் விளைவித்துக் கப்பலில் ஏற்றத் தொடங்கியிருந்தது. அரிசோனாவும் பாலைவனந்தான். அங்குள்ள ஜனங்கள் குமுறியெழ, 2023ஆம் ஆண்டில் அம்மாகாண அரசு தான் குத்தகைக்கு விட்டிருந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முற்பட்டது. அதே பிரதேசத்துக் கொலராடோ நதியோ பெரும்பாலான வருஷங்களில் கடலைச் சென்று அடைவதேயில்லை. அதன் தண்ணீர் செலவாகிற வகைகளையெல்லாம் கணக்கெடுத்து 2024ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியில், மொத்தத்தில் நூற்றுக்கு 32 பங்கு மாட்டுத் தீவனமாகிய மசாலுக்கும் புல்லுக்கும் போகிறதென்று கண்டார்கள். நம் கணக்கும் வேறன்று. நாளொன்றுக்குப் பத்துக் கிலோ உலர்பொருள் தின்று பத்து லிட்டர் கறக்கிற பசுவுக்கு, அந்தத் தீனி முழுவதும் பாசனத்தில் விளைந்ததானால், கார்த்திகைக் கணக்கில் ஒரு லிட்டர் பாலுக்கு 500 லிட்டர், சித்திரைக் கணக்கில் 900 லிட்டர் தண்ணீர் போகிறது. அந்தப் பாலுக்கு நமக்குக் கிடைப்பது 35, 40 ரூபாய்.

கொறங்காட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பிரதேசத்துத் தீவனக் கணக்கு முடியாது. சுற்றிலும் கிளுவை முள் உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிற இந்த மேய்ச்சல் காடுகளுக்கு எவரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. மழை பெய்தால் புல் தளிர்க்கிறது. காய்ந்தால் தூர் மண்ணுக்குள் உயிரோடு காத்திருக்கிறது. புல் தீர்ந்த கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகாரமாகிறது. சில ஆண்டுகளுக்கொருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து, மறுபடி புல்லுக்கு விட்டுவிடுவார்கள். காங்கயம் மாடு என்று தேசமெங்கும் பெயர்பெற்ற அந்தத் திடகாத்திரமான ஜாதி உருவானது இந்தக் காட்டில்தான். பழையகோட்டைப் பட்டக்காரரின் மந்தை கீர்த்தி பெற்றதும் இதன் பலத்தால்தான். ஏக்கருக்கு இவ்வளவு டன் என்று அளந்தால் கொறங்காடு நேப்பியருக்கு முன்னால் நிற்காது என்பது உண்மையே. ஆனால் கிணற்றிலிருந்து எடுத்த தண்ணீருக்கு இவ்வளவு தீனி என்று அளந்தால், அதற்கு எதிரே நிற்கக்கூடிய பயிரே கிடையாது. ஏனெனில் அது கிணற்றிலிருந்து எதையும் எடுப்பதில்லை. கிளுவை வேலியை அழித்துக் கம்பிவேலி போட்டு, மனையாகவும் தென்னந்தோப்பாகவும் மாற்றிவருகிற இந்நாளில், இருக்கிற கொறங்காடுகளையாவது காப்பாற்ற வேண்டுமென்று கைகூப்பிக் கேட்டுக்கொள்வேன். அதிகப் பால் கறக்கும் கலப்பினப் பசுவைக் கொறங்காட்டை மட்டும் நம்பி வைத்திருக்க முடியாது என்பதையும் நான் அறிவேன். எந்த மாடு, எத்தனை மாடு என்பதும் தண்ணீர்க் கணக்கின் ஒரு பகுதியே.

தஞ்சைப் பக்கத்திலிருந்து லாரிகளில் வருகிற வைக்கோலைப் பற்றி நம்மவர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. புரதம் குறைவு, மாடு ஆசையாகத் தின்பதில்லை என்பார்கள்; அது வாஸ்தவம். ஆனால் அந்த வைக்கோலுக்கென்று எவரும் தனியாகத் தண்ணீர் பாய்ச்சவில்லை. நெல்லுக்குப் பாய்ந்த காவிரித் தண்ணீரில் அது கூடவே விளைந்தது. சம்பா அறுவடை முடிந்து இயந்திரத்தால் கட்டிய கட்டுகள் மலிவாகக் கிடைக்கிற மாசி மாதத்தில் ஒரு லாரி வாங்கி வைத்துக்கொண்டு, அதோடு கடலைக்கொடியும் கொஞ்சம் பிண்ணாக்கும் சேர்த்துக் கொடுத்தால், கோடையில் வற்றுக்கறவை மாடுகளும் கிடேரிகளும் தாராளமாகக் காலந்தள்ளும். கறவையில் இருக்கிற மாட்டுக்கு மட்டும் நல்ல தட்டைப் பிரித்து வைக்கலாம்.

சொட்டுநீர் போட்டால் இந்தக் கவலையெல்லாம் தீருமே என்று சிலர் கேட்கக்கூடும். சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீத மானியமும் கிடைக்கிற ஏற்பாடு அது. வாய்க்காலிலும் பாத்தியிலும் போகிற சேதத்தை நிச்சயமாகக் குறைக்கிறது. ஆனால் இலை வழியாகப் போகிற ஈரத்தை அது குறைப்பதில்லை. அதோடு, ஓர் ஏக்கரில் மிச்சமான தண்ணீரைக் கொண்டு இன்னோர் ஏக்கருக்குக் குழாய் நீட்டிவிடுவது மனித சுபாவம். அப்போது கிணற்றின் நிலைமை முன்போலவேதான். இங்கேதான் அண்டை அயலாரின் விஷயம் வருகிறது. 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தன் நிலத்துக்கடியில் உள்ள நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள நிலச் சொந்தக்காரருக்கு உரிமை உண்டு. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு இயற்றிய சட்டமும் 2013ஆம் ஆண்டு ரத்தாகிவிட்டது. ஆகவே நான் கோடையில் தீவனத்துக்காக 800 அடியிலிருந்து இறைத்து, அதனால் பக்கத்துத் தோட்டத்துத் திறந்த கிணறு வற்றிப்போனால், அவர் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்க முடியாது. அந்தக் கிணற்றிலிருந்து அவர் வீட்டார் குடிநீர் எடுக்கிறார்கள். பெட்டியிலிருக்கும் முதலை எடுத்து வட்டியென்று பேர் சொல்லிச் செலவழிப்பதற்கும், நிலத்தடி நீரைக் கோடைத் தீவனத்துக்கு இறைப்பதற்கும் நான் பேதம் காணவில்லை. அதிலும் அந்த முதல் நம் ஒருவருடையது மட்டுமன்று.

ஆகவே வருகிற பருவத்துக்கு நாங்கள் செய்திருக்கிற தீர்மானம் இது. மேல்காடு முழுவதும் புரட்டாசியில் சோளம்; திறந்த கிணற்றுத் தண்ணீரை அதற்கென்றே நிறுத்திவைத்து, மழை இடைவெளி விட்டால் ஒரு தண்ணீர், அவசியமானால் இரண்டு, அதற்குமேல் இல்லை. நேப்பியர் கொட்டகையை ஒட்டிய கால் ஏக்கரில் மட்டும், கொட்டகை கழுவுகிற நீர் பாய்கிற அளவுக்கு. ஆழ்துளைக் கிணறு குடிநீருக்கும் மாட்டுத் தொட்டிக்கும் தென்னைக்கும், தீவனத்துக்கு இல்லை. கீழே உள்ள மூன்று ஏக்கரில் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவிக் கிளுவைப் போத்து நட்டுப் பழைய கொறங்காட்டை மீட்டெடுக்கப் பார்க்கிறோம். புல் தூர்கட்டி நிற்கும் வரையில் ஆட்டை உள்ளே விடுவதாக இல்லை. மாசியில் ஒரு லாரி வைக்கோலுக்குச் சொல்லியாயிற்று. மாமா இந்த ஏற்பாட்டை முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. தம் மசாலை விட அவருக்கு மனமில்லை. ஆயினும் அதை அரை ஏக்கராகக் குறைத்துக்கொண்டு, ஐப்பசியில் விதைத்து மாசி வரையில் அறுத்து, பங்குனிக்குப் பிறகு வேர் சாகாத அளவுக்கு மட்டும் தண்ணீர் காட்டுவதாகவும், மோட்டாருக்கு ஒரு மீட்டர் மாட்டி எத்தனை யூனிட் ஓடுகிறதென்று எழுதிவைப்பதாகவும் சொல்லியிருக்கிறார். அந்த மீட்டரில் வருகிற எண்களை அடுத்த ஆண்டு தட்டு அறுப்பு முடிந்தபின், மேலே போட்ட உத்தேசக் கணக்கோடு வைத்துச் சரிபார்த்து இங்கே எழுதுகிறேன்.